வழியனுப்புவோர் விகிதம்

கையேட்டின் அறுபத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது:
ஒரு பயணிக்கு வழியனுப்ப வருபவர்
பூஜ்ஜியம் புள்ளி ஏழு பேர்.

அந்தப் புள்ளி ஏழு ஆளை நான் நிறைய நாள் தேடியிருக்கிறேன்.
முழங்காலுக்குக் கீழே இல்லாதவரா,
கிளம்பி வந்தும் மனசை வீட்டில் விட்டு வந்தவரா.

ஓஷ் விமான நிலையம். நவம்பர். காலை நான்கு மணி.
கையில் எண்ணும் கருவி, கட்டைவிரலில் உறைந்த இரும்பு.
இடது விளக்கு உடைந்த ஒரு வேன் வந்து நிற்கிறது.
மாஸ்கோ போகிறவன் ஒருவன்தான்; புது ஷூ,
பெட்டியில் பெயின்ட்டால் எர்மெக் என்று எழுதியிருக்கிறது.
அவன் பின்னால் இறங்குகிறார்கள்,
க்ளிக், க்ளிக், க்ளிக்,
பதினாறில் என் விரல் தயங்கியது.
பதினேழாவது ஆள் நிறைமாதக் கர்ப்பிணி.

தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம்
அவள் துணியை அவிழ்க்கிறாள்.
வட்ட ரொட்டி, ஆவி இன்னும் அடங்கவில்லை.
அவன் ஓரத்தில் ஒரே ஒரு கடி கடிக்கிறான்.
மிச்சத்தை அவள் மறுபடி சுற்றிக் கட்டுகிறாள்.
இனி அது வீட்டுச் சுவரில் தொங்கும்,
அவன் வந்துதான் தின்று முடிக்க வேண்டும்.

நாற்பது விநாடி ஆனது.
அதற்குள் இருபத்தொன்பது பேர் தேங்கினார்கள்,
ஒரு தள்ளுவண்டி யார் காலிலோ ஏறியது,
காவலர் கத்தினார்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
நெரிசல். காரணம், ரொட்டி.

ஹெல்சிங்கியிலிருந்து வந்த ஆலோசகர் லெஹ்டிமாகி
அதைப் படித்துச் சிரித்தார். கெட்டவர் இல்லை.
மூடுபனியில் விமானம் பதினொரு மணி நேரம் தாமதமான அன்று
தரையில் படுத்திருந்தவர்களுக்கு நடுவே
தானும் கோட்டை விரித்துப் படுத்தவர்;
மறுநாளே எல்லா இருக்கைகளிலிருந்தும்
கைப்பிடிகளை அழித்துவிட்டார்.
ஆனால் வழியனுப்புவோரை
வாசலிலேயே நிறுத்தினால், பெர்மெட்,
எண்ணூறு சதுர மீட்டர் மிச்சம், என்றார்.
கணக்கு சரி. அவர் கணக்கு எப்போதும் சரி.
அந்த எண்ணூறில் ஒரு சென்ட் கடை,
ஒரு காபிக் கடை, ஒரு பெரிய ஒளிரும் கைக்கடிகாரம்.

நான் கயிற்றை இரண்டு மீட்டர் பின்னுக்கு இழுத்து வரைந்தேன்.
பக்கத்தில் ஓர் ஒதுக்கிடம், ரொட்டி அளவுக்கு அல்ல,
பதினேழு பேர் அளவுக்கு.
கே-4 என்று பெயரிட்டேன்.
எழுத்தும் எண்ணும் இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

பிப்ரவரியில் சரக்கு வாயிலில் வண்டிகளை எண்ணப் போனேன்.
பனி பெய்துகொண்டிருந்தது.
வெள்ளைக் கம்பளித் தொப்பிகளில் ஆண்கள்,
சுவரோரம் நின்றவாறே.
மாஸ்கோவிலிருந்து வந்த ஒரு நீளப் பெட்டிக்குக்
கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.
படிவத்தில் எடை கேட்டிருந்தது, நீளம் கேட்டிருந்தது,
உடையக்கூடியதா என்றும் கேட்டிருந்தது.
வயதான ஒருவர் உட்கார இடம் தேடி
கடைசியில் எடைமேடையில் உட்கார்ந்தார்.
சிவப்பு எண்கள் அவரைச் சொல்லின: அறுபத்து மூன்று.

நான் முதலில் பார்த்தது வேன் விளக்குகளைத்தான்.
இரண்டும் எரிந்தன.
அப்பாடா என்றது மனம்.
அந்த அப்பாடாவை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கருவியை அழுத்தினேன்.
வரவேற்க வந்தவர் பத்தொன்பது.
பயணி பூஜ்ஜியம்.
விகிதம் வரவில்லை,
பூஜ்ஜியத்தால் எதையும் வகுக்க முடியாது
என்று பள்ளியிலேயே சொல்லிவிட்டார்கள்.

கூட்டத்தில் துணை இயக்குநர் தொலோகோன்
பேனா முனையால் வரைபடத்தைத் தட்டினார்.
சரக்குப் பகுதியில் பயணியே கிடையாதே,
ஆறு மீட்டர் பெஞ்ச் யாருக்கு? கூரை யாருக்கு?

லாரி ஓட்டுநர்களுக்கு, என்றேன்.

லெஹ்டிமாகி என்னைப் பார்த்தார்.
பிறகு தன் தாள்களைப் புரட்டி,
ஆமாம், சர்வதேசத் தரம் அப்படித்தான், என்றார்.
அப்படி ஒரு தரம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பெஞ்ச் கிடைத்தது. கூரை கிடைத்தது.
ஹீட்டர் மட்டும்
அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப் போயிருக்கிறது.