முப்பத்தொன்பதாம் படி

அலைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு
நூற்றுப் பதினேழு என்று ஒரு தகரவில்லை தந்தார்கள்.
முந்தானையில் முடிந்துகொண்டேன்.
அங்கே இந்நேரம் பத்தரை ஆகியிருக்கும்.
மங்கையும் ஏறத் தொடங்கியிருப்பாள்.

கியோட்டோவுக்கு மேற்கே ஒரு சின்ன மலை.
பேர் சொன்னாள், என் வாயில் நிற்கவில்லை.
இலையெல்லாம் குங்குமமாய்ச் சிவந்திருக்கிற மாதமாம்.
உச்சியில் ஒரு குடில்,
கம்பிவலைக்கு உள்ளே மனிதர்கள், வெளியே குரங்குகள்,
கடலை வாங்கி நீட்டினால்
விரல் படாமல் எடுத்துக்கொள்ளுமாம்.
அங்கிருந்து பார்த்தால்
ஆயிரம் வருஷத்து ஊர் மொத்தமும் ஒரு தாம்பாளத்தில்.
"நீயும் ஒரு மலை ஏறும்மா, அதே நேரத்துக்கு."

மலைக்கு நான் எங்கே போவேன்.
வாய்க்கால் கணக்கு எழுதுகிறவள்.
மைலுக்கு ஓரடி சரிந்தால் எங்களுக்கு அதுவே பள்ளம்.
இருபத்தாறு வருஷமாக நான் வாசித்த உயரமெல்லாம்
மதகுக் கோலில் அடி, அங்குலம்,
சுவரில் பாசி ஒட்டிய கோடு.
கும்பகோணத்துக்காரிக்கு வாய்த்தது
கல்லடுக்கிக் கட்டின இந்தச் சுவாமிமலைதான்.
அறுபது படி.
படிக்கொரு வருஷம்.

பிரபவ, விபவ என்று முணுமுணுத்து ஏறினேன்.
பதினைந்தாவது, விஷு.
அவள் பிறந்த வருஷத்தில் ஒரு பையன் உட்கார்ந்து
சாக்ஸ் கழற்றிக்கொண்டிருந்தான்.
தள்ளிக்கோ தம்பி என்று
வலது காலை அழுத்தி வைத்தேன்.

முப்பத்தைந்து, பிலவ.
மிதிக்கவில்லை.
கைப்பிடியைப் பற்றி முப்பத்தாறுக்கு எட்டி வைத்தேன்.
ஆஸ்பத்திரி வாசலில்
அவருடைய சட்டையை மட்டும் பாலிதீன் பையில் போட்டு
கையெழுத்து வாங்கிக்கொண்ட வருஷம்.
எதற்கு இந்த வீம்பு என்றது முழங்கால்.

முப்பத்தொன்பது, விசுவாவசு.
நடப்பு.
இதற்கு மேலே இருக்கிற படியெல்லாம்
இனி வரப்போகிறவையா, என்றோ போனவையா?
நாற்பத்துநான்கில் நான் பிறந்தேன்.
சாதாரண என்று பேர் அந்த வருஷத்துக்கு.
பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.
இன்னும் ஐந்து படி ஏறினால் என் பிறப்பு,
இல்லையென்றால் என் அறுபது.

அவளுடைய ஒப்பந்தமும் ஐந்து வருஷம்தான்.
கையெழுத்துப் போடவா வேண்டாமா என்று நேற்று கேட்டவள்
நான் வாய் திறக்குமுன்
மலைப்பேச்சுக்குத் தாவிவிட்டாள்.

ஐந்து படி.
எண்ணித்தான் ஏறினேன்.
ஒன்றில் நின்று மூச்சு வாங்கினேன்,
ஒன்றில் யாரோ சிந்திய விபூதி,
மற்ற மூன்றும் எப்படிப் போயின, தெரியவில்லை.

மேலே, அப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளை
வேலோடு நின்றிருந்தான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளப் போய்த்தான்
பெற்றவர்கள் வாய்பொத்தி நிற்கும்படி ஆயிற்று.

பிராகாரத்துச் சுவரோரம் வந்தேன்.
கார்த்திகை மழை விட்ட காலை.
தென்னை, தென்னைக்குப் பின்னால் தென்னை,
இடுக்கில் நட்டு மாதமாகாத சம்பா.
காவிரி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெளுப்பு.
கிழக்கே ஏதோ நிமிர்ந்து நின்றது,
கோபுரமா, அரிசி ஆலைப் புகைபோக்கியா,
கண்ணாடி மாற்ற வேண்டும்.

இறங்கி, வில்லையைக் கொடுத்தேன்.
ஒரு படம் வந்திருந்தது. முழுக்க வெள்ளை.
"ஒரே மேகம்மா. ஊரும் தெரியல, குரங்கும் தெரியல.
உனக்கு?"

செருப்பை மாட்டாமல் ஈரக் கல்லில் நின்று எழுதினேன்:
"அறுபது படி. மழை இல்லை.
எல்லாம் தெரிந்தது.
போடு."

பஸ் நகர்ந்த பிறகு கேட்டிருந்தாள்:
"என்னத்தப் போட?"

மதகடியில் இறங்கி முதலில் கோலைப் பார்த்தேன்.
நாலடி இரண்டங்குலம்.
நேற்றைக்கு ஓரங்குலம் கூட.
அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான்
அவளுக்கு எழுத வேண்டும்.