மறுமோதல்

உலு பாண்டான் கால்வாயோரம்
மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன்.
காலையில் கணுக்காலளவு ஓடிய நீர்
கான்கிரீட் சுவரின் சிவப்புக் கோட்டைத்
தொட்டுவிட்டது.
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி
நான்கு காலையும் தூக்கிக்கொண்டு
கடலுக்குப் போகிறது.

எனக்கு இது இன்னும் தண்ணீர் இல்லை.
எட்டு ஆண்டுகளாக என் தாளில் இருப்பவை
உருண்டைகள்.
நிறமற்றவை, இடித்துவிட்டு நகர்பவை.
அவற்றுக்கு ஈரம் தெரியாது,
சுழி தெரியாது.
எண்ணிக்கையை முடிவிலிக்கு அனுப்பு,
விட்டத்தைச் சுழியத்துக்குக் குறை,
இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி இழு;
அடர்த்தி வரும், வேகம் வரும், வெப்பம் வரும்,
கடைசியில் பிசுபிசுப்பும் வரும்.
வரவேண்டும்.

சிக்கல் ஒன்றுதான்.
மோதப்போகும் இரண்டும்
ஒன்றையொன்று அறியாதவை
என்று எழுதினால்
அடுத்த வரி தானாக விழுகிறது.
முன்பே இடித்துக்கொண்டவை
சுற்றிவந்து மீண்டும் இடித்தால்
பழைய கணக்கு புதிய கணக்கில் ஏறிக்கொள்ளும்.
மறுமோதல் என்று பெயர் வைத்தோம்
நானும் குணாளனும்.
அது அரிது என்று காட்டினால் போதும்.
நாற்பத்தொரு பக்கம் காட்டினோம்.
முப்பத்திரண்டாம் பக்கத்தில்
ஒரு சமனின்மைக் குறி தலைகீழ்.
யார் எழுதியது என்று தொடங்கி
யார் எதையுமே கவனிப்பதில்லை என்று முடிந்தது
எங்கள் பேச்சு.
மூன்று வருடமாகிறது.

அரிதா?
கிழக்கு மேற்காக ஐம்பது கிலோமீட்டர், இந்தத் தீவு.
கிளிமெண்டி உணவங்காடியில் ஒருமுறை
தட்டு திருப்பித் தரும் இடத்தில்.
டோவர் நிலையத்தில்
அவன் ஏறும் மின்படியில், நான் இறங்குவதில்.
நேற்று பலதுறை மருந்தகத்தில்
எனக்கு இருபத்தேழு, அவனுக்கு இருபத்தெட்டு.
"சாப்டாச்சா?"
"ம்."
அவ்வளவுதான் இடித்துக்கொண்டோம்.
வெளியே வந்து வலப்பக்கம் நடந்தேன்.
என் பேருந்து நிறுத்தம் இடப்பக்கம்.

ஒவ்வொரு மோதலையும்
பின்னோக்கி ஓட்டலாம், விதி தடுக்காது.
அந்த நாற்காலியை மட்டும்
மேட்டுக்குத் திரும்ப அழைக்க முடியாது.
எந்த வரியில் நுழைந்தது இந்த ஒருவழிப் போக்கு
என்று தாள்தாளாகத் தேடியிருக்கிறேன்.
சமன்பாட்டில் இல்லை.
"ஒன்றையொன்று அறியாதவை"
என்று நாங்கள் எழுதிய இடத்தில்தான்,
போகிற போக்கில்.

மழை விடுகிறது.
சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்குகிறது நீர்,
சுவரில் அதன் உயரத்தை விட்டுவிட்டு.
கைப்பேசியில் பழைய கோப்பைத் திறக்கிறேன்,
தலைப்பின் கீழே இரண்டு பெயர்.
முப்பத்திரண்டாம் பக்கம்.
குறியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன்.
பெரும்பாலானவை அடித்துக்கொண்டு போகின்றன.
மிஞ்சுகிறது ஓர் உறுப்பு.
சிறியது;
சுழியம் அல்ல.