ஓ நெகட்டிவ்

பாபுராவ் தெரு லாட்ஜ், எட்டுக் கட்டில் அறை.
இரவு பதினொன்றுக்கும் குழாயில் வெந்நீர்,
யாரும் காய்ச்சாத வேலூர் வெந்நீர்.
பக்கத்துக் கட்டிலில் ஜீவரத்தினம்,
ஆம்பூர் ஷூ கம்பெனியில் கணக்கெழுதுகிறவர்.
எதற்கு வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அக்காவுக்கு ஆபரேஷன் என்றேன்.
"ரத்தம்தான் சார் காப்பாத்தும்" என்றார்.

போதாதா எனக்கு?
குடியாத்தத்தில் பதினாறு வருஷம்
விலங்கியல் நடத்திய தொண்டை.
பரிணாமம், புதைபடிவம்,
ஆறு நாளில் உலகம் என்றால்
டைனோசர் எந்தக் கிழமை,
அதையும் கேட்டுவிட்டேன்.
அவரும் விடவில்லை.
"குரங்குக்கு எதுக்கு சார் அக்கா?"
என் கை ஓங்கிவிட்டது.
வங்காளி ஒருவர் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டார்.
விளக்கை அணைத்தபின்
இருட்டிலும் கொஞ்சம் போட்டோம்.

காலையில் ரத்த வங்கியில்
அதே கட்டம்போட்ட சட்டை, சட்டைக்கை மடித்து.
"ராத்திரியே சொன்னேனே சார்.
ஓ நெகட்டிவ். யாருக்கோ அவசரம்னு போன் பண்ணாங்க.
நல்லா தூங்கிட்டு வரச் சொன்னாங்க,
அதான் தங்கினேன்.
நீங்க எங்க தூங்க விட்டீங்க?"

நர்ஸ் பட்டையை மறுபடி சுற்றினாள்.
"பிரஷர் நூத்தி எண்பது. கோபமா இருக்கீங்களா?"
நான் சுவரில் இருந்த ரத்த வகை அட்டவணையைப் படித்தேன்.
"அரை மணி அமைதியா உட்காருங்க, பார்க்கலாம்."

ஒரே பெஞ்ச்.
அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.
நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
டைனோசர் பற்றி
இருவரும் மூச்சு விடவில்லை.