ஒரு குமிழி

சீனக்குடாவில் அத்தனை எண்ணெய்த் தாங்கிகள்.
என் காரின் முள்ளோ
சிவப்பை விட்டு எழும்புவதில்லை.
சரி, காஸுக்கு மாற்றுவம்.

அனுராதபுரச் சந்தியில் ஒருவன்
ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்றான்.
வாயில் சிகரெட்.
சிலிண்டரில் திகதி பொறித்த இடத்தில் மட்டும்
புதுப் பெயின்ற், இன்னும் காயவில்லை.

உப்புவெளியில் கண்ணாடிக் கதவு, ஏசி,
இத்தாலிக் கிற், எனக்கொரு கோப்பி.
"பூட்டுறது ஆர்?"
"பொடியள் வருவாங்கள்."
கோப்பி நன்றாகத்தான் இருந்தது.

கிண்ணியா ரிஸ்மி விலையே சொல்லவில்லை.
டிக்கியைத் திறந்தான்,
பின் சீற்றின் முதுகைத் தட்டினான்.
"இதில யாரு உட்காருற?"
"ரெண்டு மகள்மார். பள்ளிக்கூடத்துக்கு."
அதன்பிறகு கனநேரம் அவன் பேசவில்லை.
சிலிண்டரைப் பிடிக்கும் சட்டத்தை
பூட்டினான், கழற்றினான்,
இன்னும் தடித்த ஆணி தேடி
கடைக்குப் போனான்.

மூன்றாம் நாள், மஃரிபுக்குச் சற்று முன்,
சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு
மூட்டு மூட்டாய்த் தடவி
டோர்ச் அடித்துக் காத்திருந்தோம்.

கடைசி மூட்டில்
மெல்ல ஊதிக்கொண்டு வந்தது
ஒரு குமிழி.

எனக்கு நெஞ்சு திடுக்கென்றது.
அவன் சிரித்தான்,
தூண்டிலில் பாரை இழுத்தவன் போல:
"புடிச்சிட்டன்."

விலையை
அப்போதுதான் கேட்டேன்.