மு, கு

இரண்டு மதிப்பெண் கேள்வி. எண் பதினேழு.
ஸ்பெயினில் 'ஆக்ஸியோன்' என்று பெயர் தொடங்கும்
இரண்டு அமைப்புகளை வேறுபடுத்துக.

மு. சென்றாயன், மூன்றாம் ஆண்டு, வரலாறு,
எழுதியிருக்கிறான்:
'ஆக்ஸியோன் எஸ்பஞோலா …டியரசை விரும்பியது.
ஆக்ஸியோன் ரெபுப்ளிகானா …டியரசை விரும்பியது.'

நான் புள்ளி வைத்த இடத்தில் அவன் ஓர் எழுத்து வைத்திருக்கிறான்.
மு என்றால் மு. கு என்றால் கு.
பேனா இறங்கி, வளைந்து, நூல்கண்டாகச் சிக்கி
அடுத்த எழுத்துக்கு ஓடிவிட்டது.

தருமபுரிப் பேருந்து நிலையம். மாலை ஆறே கால்.
மடியில் நாற்பத்திரண்டு தாள்கள்.
நான் கௌரவ விரிவுரையாளர்:
கௌரவம் மாதாமாதம் வரும், சம்பளம் சில மாதம்.

கையெழுத்து நிபுணரைப் போலப் பக்கம் புரட்டினேன்.
'முதலாவதாக' என்று ஓரிடத்தில். இது மு, சரி.
'குழப்பம்' என்று ஓரிடத்தில்.
இதுவும் அதே மு.
பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து,
முனியனா குப்பனா,
இப்போது அதுவும் சந்தேகம்.

வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னேன்.
பிரான்சின் மேற்கே, 1793இல்,
வெள்ளை என்றால் அரசனின் ஆள், நீலம் என்றால் குடியரசு.
அதை மனப்பாடம் செய்துகொண்டு போர்ச்சுகல் போனால்
நீலமும் வெள்ளையும் சேர்ந்தே அரசனின் கொடி.
பாரிஸில் ஓர் 'ஆக்ஸியோன்' அரசனைக் கேட்டது.
மாட்ரிட்டில் அதே சொல்
ஒரு கையால் அரசனை வழியனுப்பி
மறு கையால் திரும்பக் கூப்பிட்டது.

கடைசி பெஞ்சில் பல்கீஸ் கேட்டாள்:
'அவங்களுக்கு வேற பேரே கிடைக்கலையா மிஸ்?'
சிரித்தார்கள். நானும்.
பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

நல்ல பெயரை யார் விட்டுக்கொடுப்பார்கள், பல்கீஸ்.
செயல், தேசம், மக்கள், புதிய, உண்மையான…
சுவரில் ஒருவன் எழுதிய பெயின்ட் காய்வதற்குள்
எதிராளியும் அதையே எதிர்ச்சுவரில் எழுதுவான்.

நம் மொழி செய்தது அதைவிடப் பெரிய குறும்பு.
அரசனைத் துரத்திவிட்டு வைத்த பெயரிலும்
அரசை விட்டுவைத்தது.
தலையில் இருந்ததைக் கழற்றிவிட்டு
வீடுகளில் இருந்தவர்களை முன்னால் நிறுத்தியது.
மாறியது ஓர் எழுத்து.
அதை அவசரத்தில் எழுதக் கூடாது.

பேருந்து வந்தது. முகப்புப் பலகையில் விளக்கு பாதி செத்து
'பா' மட்டும் எரிந்தது.
ஏறி, ஜன்னலோரம் பிடித்து, சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
பக்கத்தில் பட்டுக்கூடு விற்றுவிட்டு வந்த ஒருவர்
காலிச் சாக்கை மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

பூஜ்யம் போட்டேன். அடித்தேன்.
இரண்டு போட்டேன். அதையும் அடித்தேன்.
பிறகுதான் உறைத்தது.
இரண்டு வரியிலும் ஒரே எழுத்து.
அது எதுவாக இருந்தாலும்
ஒரு வரி சரி, ஒரு வரி தவறு.
ஒன்று.
இவ்வளவு நேர்மையாக இந்த வருடம்
எதற்கும் மதிப்பெண் போட்டதில்லை.

'பாலக்கோடு ஒண்ணு.'
கண்டக்டர் நோட்டை வாங்கவில்லை.
'இது பாப்பாரப்பட்டி போறது டீச்சர்.
பாலக்கோடு வண்டி பக்கத்துலதானே நின்னுச்சு.
போர்டு பார்க்கலையா?'

பார்த்தேன்.
பார்த்துத்தான் ஏறினேன்.

அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள்.
சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்றேன்.
திரும்பிப் போகும் வண்டிக்கு இன்னும் இருபது நிமிடம் என்றான்
பெட்டிக்கடைக்காரன்; நாற்பது என்றாள் அவன் மனைவி.
போன் வெளிச்சத்தில் சென்றாயனின் தாளை எடுத்து
எல்லாவற்றையும் கூட்டினேன்.
முப்பத்தொன்று.
வட்டம் போட்டுவிட்டுப் பார்த்தால்
என் ஒன்று ஏழு மாதிரி நிற்கிறது.

திருத்தவில்லை.