ரெண்டு நிறம்

வலைநூல் நறுக்கும் கத்தரிதான்
மாத்திரை அட்டைக்கும்.
விக்டோரியா ஏரிக்கரையில் என் கடை:
உப்பு, பேட்டரி, தூண்டில் முள்.
மருந்தின் பேர் யாரும் கேட்பதில்லை.
"ரெண்டு நிறத்துல மூணு கொடு,
காசு அவ்வளவுதான்."

பேர் அச்சிட்ட துண்டு
மலிமியின் இருமலோடு போனது.
தேதி இருந்த துண்டு
ந்யான்சோபேயின் கோழிகளுக்கு.
எழுத்தே இல்லாத வெள்ளித்தாள்
ஷிஜாவின் அம்மாவுக்கு.
ஒன்று கொடுத்தாள், காய்ச்சல் இறங்கிற்று;
மற்ற இரண்டும் அடுத்த காய்ச்சலுக்கென்று
உப்பு டப்பாவில்.

அடுத்ததும் வந்தது.

ம்வான்சா ஆஸ்பத்திரியிலிருந்து போன்:
எந்த ஊசிக்கும் அசையவில்லையாம்.
முன்பு என்ன கொடுத்தீர்கள்?
சிவப்பும் மஞ்சளும், என்றேன்.
நிறம் வேண்டாம், பேர் சொல்லுங்கள்.

குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன்.
மீன் செதில், நூல் துணுக்கு.
லைனில் மூச்சு விடாமல் காத்திருந்தார் டாக்டர்.

என் பேர்தான்
வாயில் வந்தது.