இரண்டு ஏழு

"ஸ்பெயின்காரன் கப்பல் மரம்,
புயலில் உடைந்து கரையேறியது" என்றபடிதான்
ஹில்டா புரோத்தரோ கதவைத் திறந்தாள்.
தங்க வருகிறவர்களுக்குக் காலைப் பலகாரத்தோடு
இதையும் பரிமாறுகிறாளாம்.
ஹெரிஃபோர்டுஷயரின் இந்த மூலையிலிருந்து
கடல் எண்பது மைல்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
துளைக்கருவியின் வயரை எங்கே செருகுவது
என்று மட்டும் கேட்டேன்.

உத்தரத்திலிருந்து உருவிய குச்சி
பென்சில் பருமன். மேசையில் வைத்தேன்,
உருண்டது.
எதை வைத்தாலும் தெற்கே உருளும் வீடு.
மாடியில் கட்டிலின் ஒரு காலுக்குக் கீழே
பதினொரு பீர் அட்டைகள்,
இன்னொன்றுக்கு நாலு.
டெரன்ஸ் எண்ணி வைத்தது.
அவர் இப்போது ஹல் நகரத்தில்,
சமதளத்தில்,
வேறொருத்தியோடு.

லென்ஸுக்கடியில் கோடைகள்
வளையம் வளையமாய்.
நெருங்கிக் கிடக்கும் ஒன்பது:
மழை பொய்த்திருக்கும், இல்லை
கம்பளிப்புழு இலையை மொட்டையடித்திருக்கும்.
சட்டென்று அகலும் ஒன்று:
பக்கத்து மரத்தை யாரோ சாய்த்து
இதற்கு வெயில் விட்டிருக்கிறார்கள்.
வைரம் முடிந்து வெளிறு,
வெளிறு முடிந்து நூலளவு பட்டை.
கடைசி வளையம் முழுதாக இருக்கிறது.
இலையெல்லாம் உதிர்ந்தபிறகு
கோடரி விழுந்திருக்கிறது.

மூன்று வாரம் கழித்து
முடிவோடு வந்தேன்.
ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்தாறு, குளிர்காலம்.
ஸ்பெயின் கப்பல்கள் கிளம்பியதே
அதற்கு ஒன்றரை வருஷம் பிறகு.
இந்த ஓக் உப்புத்தண்ணீரைப் பார்த்ததில்லை;
வெட்டிய ஈரம் காயுமுன் தூணாகி,
நின்றபடியே காய்ந்து முறுக்கியது.
மேலே அப்பிய கறுப்பும்
போன நூற்றாண்டுக்கு முந்தினதன் மோஸ்தர்,
அடியில் சாம்பல் நிறம்.

அவள் கெண்டியை அடுப்பில் வைத்தாள்.
திரும்பிப் பார்க்கவில்லை.

போகிற போக்கில்
டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன்.
அப்போதுதான் தெரியும், உளி எண்கள்.
களத்தில் படுக்கவைத்துச் சட்டம் பூட்டி,
கழுந்துக்கும் துளைக்கும் ஒரே எண் கீறி,
கழற்றி வண்டியேற்றி
இங்கே கொண்டுவந்து நிமிர்த்தியது.
ஐந்துக்கு ஐந்து. ஆறுக்கு ஆறு.
ஒன்பதுக்கு ஒன்பது.
எட்டு மட்டும் எங்கும் இல்லை.
ஏழு இரண்டு இருந்தது.

ஒரு கோடு.
ஒரே ஒரு கோடு வெட்ட மறந்திருக்கிறான்.
தூக்கி நிறுத்திய அன்று
கைமரங்கள் இடம் மாறி,
சேராததைச் சேர்க்க ஆப்படித்து,
ஊரே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்க
இனிக் கழற்றவும் முடியாது
என்று விட்டிருக்கிறார்கள்.

"அப்போ மண் இறங்கவில்லையா?"

இல்லை. முதல் நாளிலிருந்தே கோணல்.

"இன்சூரன்ஸ்காரனுக்கு வருஷம் எண்ணூறு பவுண்டு
கூடுதலாக அழுதிருக்கிறேன். டெரன்ஸ்
தினமும் சொல்வார், வீடு நகருது ஹில்டா,
நகருது."
கெண்டி கூவிக்கொண்டிருந்தது. அணைக்கவில்லை.
"உங்களிடம் உளி இருக்கா?"

பாதுகாக்கப்பட்ட கட்டடம்,
கீறினால் கவுன்சில் வழக்குப் போடும் என்றேன்.
கைப்பையிலிருந்து புருவப் பென்சில் எடுத்து
நாற்காலி மேல் ஏறினாள்.
இரண்டாவது ஏழுக்குப் பக்கத்தில்
மெல்ல
ஒரு கோடு.
தள்ளி நின்று பார்த்தாள்.
"இப்போ சரி."
வீடு சாய்ந்தேதான் நின்றது.

வாசலில் மணி.
உட்ரெக்டிலிருந்து ஒரு தம்பதி,
சக்கரப் பெட்டிகளோடு, மழையோடு.
மாடிப்படியில் அவள் குரல் கேட்டது:
"தலை பத்திரம்.
கப்பல் மரம்,
முட்டினால் வலிக்கும்."